யுனோகாமி ஓன்சென் ஸ்டேஷனில் உதவிய அம்மாவுக்கு நன்றி

போன பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுஷிமா பக்கம், யுனோகாமி ஓன்சென் ரயில் நிலையத்தில் எங்களுக்கு உதவிய பெரியம்மாவுக்கு நன்றி; பெயர் தெரியாது, அவருக்குத் தமிழும் தெரியாது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். புல்கூரை வேய்ந்த நிலையம் அது. உள்ளே குழி அடுப்பு எரிகிறது, அந்தப் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கிறதாம். ரயில் இல்லாத நேரத்திலும் ஊர்க்காரர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். நாங்கள் போகவிருந்த ஓவுச்சிஜுகு என்ற பழைய கூரைவீட்டு ஊருக்குப் போகிற பஸ் பனிக்காலத்தில் ஓடாது, பாப்பாவுக்கோ குளிரில் கை விறைத்துவிட்டது. அவர் அடுப்போரம் இடம் விட்டு, டீ ஊற்றிக் கொடுத்து, தானே போன் போட்டு டாக்சி வரவழைத்தார். காசு கொடுத்தால் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்! அப்புறம் நிலையத்தை ஒட்டியிருந்த வெந்நீர்த் தொட்டியைக் காட்டி, திரும்பும்போது பாப்பாவின் காலை அதில் நனைக்கச் சொல்லிச் சைகை செய்தார். நனைத்தோம் அம்மா, எழுந்து வரவே மாட்டேன் என்றாள்.