பழைய பைக் மீட்டரை உங்கள் காரில் மாட்டும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எஸ்டேட் பாதையில் ஓட்டச் சொந்தமாகக் கிட் கார் (பாகங்களை வாங்கி நாமே கோக்கும் கார்) கட்டுகிறவர்கள், கல்லூரிப் போட்டிக்கு பக்கி (குழாய்ச் சட்டத்தில் செய்யும் திறந்த சிறு வண்டி) செய்யும் மாணவர்கள் எனப் பலர், உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ வாங்கிய பழைய பைக் மீட்டரோடு குன்னூருக்கு எங்களைத் தேடி வருகிறீர்கள். மீட்டர் போய்விட்டது என்றுதான் பேச்சைத் தொடங்குகிறீர்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மீட்டர் நன்றாகவே இருக்கிறது. பைக்குக்காகச் செய்த மீட்டருக்குக் கார் இன்ஜின் வேறு கணக்கில் தகவல் அனுப்புகிறது, அவ்வளவுதான். மலையேறி வரும் முன் வீட்டிலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளக் கூடியவற்றை எழுதுகிறோம்.

முதலில் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. ஃபைபர் பாடி மின்சாரத்தைக் கடத்தாது. பவுடர் கோட்டிங் அடித்த குழாய்ச் சட்டமும் போல்ட் போட்ட இடத்தில் சுரண்டாவிட்டால் கடத்தாது. ஹெட்லைட்டைப் போட்டதும் பெட்ரோல் முள் துள்ளினாலோ, இண்டிகேட்டரோடு சேர்ந்து மீட்டர் பல்பும் மினுங்கினாலோ, வேறெதையும் தொடாதீர்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி வயர் ஒன்றை மீட்டரின் எர்த்துக்கு இழுத்துப் பாருங்கள். எத்தனையோ மீட்டர்கள் அந்த ஒரு வயரில் உயிர் பெற்றிருக்கின்றன.

அடுத்து ஸ்பீடோ, அதாவது வேகம் காட்டும் மீட்டர். அதிகம் குழம்புவது இங்கேதான். ஜப்பானிய முறையில் செய்த பைக் கேபிள் மீட்டர்களில் பெரும்பாலானவை, கேபிள் நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றினால் 60 கிலோமீட்டர் வேகம் காட்டும். 60இல் போனால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆகவே கிலோமீட்டருக்கு 1400 சுற்று என்றும் சொல்லலாம். அதே முறையில் கார் மீட்டருக்கான கணக்கு 637தான். கார் கியர்பாக்ஸ் கேபிளை பைக் மீட்டரில் சொருகினால் 60இல் போகும்போது 27 சொச்சம் காட்டும். இதை மீட்டர் பழுது என்று நினைத்து முள்ளைப் பிடுங்கி நகர்த்தி வைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே முள்ளைப் பிடித்திருக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங் ஒருமுறை வளைந்தால் பழைய நிலைக்கு வருவது கடினம்.

உங்கள் காரின் கணக்கை நீங்களே எடுக்கலாம். கேபிளின் மேல்முனையைக் கழற்றி, உள்கம்பியில் ஒரு துண்டு டேப்பைக் கொடிபோல் ஒட்டுங்கள். சமதளத்தில் 20 மீட்டர் அளந்து காரைத் தள்ளி, சுற்றுகளை எண்ணி 50ஆல் பெருக்குங்கள். 28 சுற்று வந்தால் 1400 கணக்கு, மீட்டர் அப்படியே பொருந்தும். 13க்குப் பக்கத்தில் வந்தால் அது 637 கணக்கு, சுற்றைக் கூட்டித் தர இடையில் ஒரு கியர் அடாப்டர் வேண்டும். அந்த எண்ணைச் சொன்னால் அதற்கேற்ப நாங்கள் பொருத்தித் தருவோம். முள் நடுங்கினால் கேபிளை எங்கோ கூர்மையாக மடித்திருக்கிறீர்கள். மேல்முனையில் கிரீஸ் அப்பவும் வேண்டாம். அது மேலேறி மீட்டருக்குள் புகுந்து காந்தத்துக்கும் அலுமினியக் கிண்ணத்துக்கும் இடையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நிற்கும் வண்டியிலும் முள் பூஜ்யத்துக்கு இறங்காது.

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரிலும் இதே கதைதான். அது ஸ்பார்க் பிளக்கின் பொறிகளை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் பெரும்பாலும் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) வைத்த பழைய மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு மூன்று பொறி. ஆகவே 2000இல் ஓடும் இன்ஜினை பைக் மீட்டர் 3000 என்று காட்டும். நான்கு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினில் சரியாக இரு மடங்கு. இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் (பொறிக்கான மின்சாரம் தரும் சுருள்) உள்ள இன்ஜினாக இருந்தால் மீட்டருக்கான வயரை ஒரே ஒரு காயிலிலிருந்து எடுங்கள், கணக்கு தானாகவே சரியாகிவிடும். ஆனால் காயில் நெகட்டிவில் பொறி விடும் நேரத்தில் சில நூறு வோல்ட் எகிறும். டிஜிட்டல் மீட்டரை அங்கே நேரடியாகக் கொடுத்தால் உள்ளிருக்கும் சிப் கருகும். ஈசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியில்) டேக்கோ வயர், அதாவது ஆர்பிஎம் மீட்டருக்கென்றே உள்ள வயர், இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பெட்ரோல் முள் தலைகீழாகக் காட்டினால் ஃப்ளோட்டும் (டேங்குக்குள் மிதந்து அளவைச் சொல்லும் பாகம்) மீட்டரும் வேறு வேறு வண்டியுடையவை. டேங்க் காலி, நிறைவு இரண்டிலும் ஃப்ளோட்டின் ஓம் அளவை மல்டிமீட்டரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் வாங்கும்போதே அதே வண்டியின் ஃப்ளோட்டையும் கேட்டு வாங்குவது நல்லது. எல்இடி இண்டிகேட்டர் போட்ட பிறகு நான்கு பக்கமும் சேர்ந்து மின்னுவதாகச் சிலர் சொல்கிறீர்கள். இண்டிகேட்டருக்கு ஒரே பல்ப் உள்ள மீட்டர்களில் அந்த பல்ப் மறுபக்க விளக்குகள் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இரண்டு போட்டு, பல்புக்குத் தனி எர்த் கொடுத்தால் நின்றுவிடும்.

நம் மலைக்கே உரிய தொல்லை ஈரம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. இரண்டுக்கும் இடையில் மூடுபனி. திறந்த காரில் மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படியத்தான் செய்யும். சந்து முழுவதையும் சிலிக்கான் வைத்து அடைப்பது பெரும் தவறு, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் டயலை உரிக்கும். அடியில் உள்ள மூச்சுத் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள். கப்ளரில் (மீட்டர் வயர்களை இணைக்கும் பிளக்கில்) பச்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்த பிறகே சோதியுங்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்த பிறகான பைக்குகளின் டிஜிட்டல் மீட்டர் பல, தன் வண்டியின் ஈசியுவோடு மட்டுமே பேசும். அது இல்லாமல் விளக்கு எரியும், முக்கியமான எண் ஒன்றும் வராது. பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மீட்டர் சரியாகிவிட்டதால் மட்டும் வண்டி ரோட்டுக்கு வரத் தகுதி பெறாது. பதிவு பற்றி ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் மேட்டுப்பாளையம் சாலையில் இறக்காதீர்கள்.

வரும்போது மீட்டரோடு அதன் கப்ளர், ஒரு சாண் வயர், வாங்கிய பில், நீங்கள் எண்ணிய சுற்றுக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். கப்ளரை அடியோடு வெட்டிய மீட்டரில் எந்த வயர் எதற்கு என்று தேடவே பாதி நாள் போய்விடும், அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

இப்படிக்கு,
மீட்டர், வயரிங் பட்டறையினர்,
குன்னூர்