கவுண்டிக்கு ஃபோயா எழுதச் சொன்ன பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், டெக்சஸின் காலின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) வீடு வாங்கிய வாசகர் ஒருவர், தம் பத்திரத்தின் நகலை எப்படிப் பெறுவது என்று கேட்டிருந்தார். "கவுண்டிக்கு ஒரு ஃபோயா போடுங்கள், 20 நாளில் வீடு தேடி வரும்" என்று ஒரே வரியில் அனுப்பிவைத்துவிட்டீர்கள். அதே இதழில் அவியலுக்குக் காய் நறுக்க ஒன்றரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். அவியல் முக்கியம்தான், மறுக்கவில்லை.

ஃபோயா என்னும் தகவல் சுதந்திரச் சட்டம் 1966-இல் வந்த அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் என்பது ஆசிரியர் அறியாததல்ல. குடியேற்றத் துறையிடம் நம் பழைய ஃபைலைக் கேட்க அது உதவும். மெக்கின்னியில் உட்கார்ந்து காலின் கவுண்டியின் பத்திரங்களைப் பதிந்துவைக்கும் கவுண்டி கிளார்க்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கவுண்டிகள் அந்தந்த மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. இல்லினாய், மிச்சிகன், வர்ஜீனியா மாநிலங்கள் தங்கள் சட்டத்துக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் என்று வேண்டுமானால் உங்களுக்காக நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அது போகட்டும். பத்திர நகலுக்கு எந்தச் சட்டத்தின் பெயரையும் சொல்ல வேண்டியதே இல்லை. பதிவான பத்திரம் கவுண்டி கிளார்க்கின் பெயர் அட்டவணையில் இருக்கிறது. இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், நேரில் போயும் கேட்கலாம். டெக்சஸில் பக்கத்துக்கு 1 டாலர், முத்திரையிட்ட சான்று நகலுக்கு மேற்கொண்டு 5 டாலர். மூன்று பக்கப் பத்திரம் என்றால் 8 டாலர். அந்த 8 டாலர் காகிதத்தை 119 டாலருக்கு வாங்கித் தருகிறோம் என்று, அரசாங்கக் கடிதம் போலவே அச்சடித்துப் புது வீட்டுக்காரர்களுக்கு அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு நிறுவனத்தின் விளம்பரம் உங்கள் பின்னட்டையின் உட்புறம் இரண்டு இதழ்களாக வண்ணத்தில் வருகிறது. பதிலையும் விளம்பரத்தையும் அருகருகே வைத்துப் படித்தவர் எங்கே போவார் என்று யோசித்தீர்களா?

முதலில் எந்தக் கவுண்டி என்று பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. முகவரியில் ஊர்ப் பெயர் ஒன்றுதான், கவுண்டி வேறு. வரிக்காக வீட்டின் மதிப்பைக் கணிக்கும் அலுவலகமான மதிப்பீட்டு மாவட்டத்தின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் கவுண்டி தெரிந்துவிடும், பெரும்பாலும் பத்திர எண்ணும் அங்கேயே இருக்கும். புதியவற்றுக்கு ஆண்டோடு தொடங்கும் நீண்ட எண், பழையவற்றுக்குத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும். அதைக் குறித்துக்கொண்டு கிளார்க்கிடம் போனால் வேலை ஐந்து நிமிடம். மதிப்பீட்டு மாவட்டம் வைத்திருப்பது வரிக்கான மதிப்பும் இந்த விவரங்களும்தான், பத்திரம் அங்கே இல்லை.

எண் இல்லாமல் பெயரால் தேடும்போதுதான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அட்டவணை குடும்பப் பெயர் வரிசையில் ஓடுவது, நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் கார்த்திகேயன் என்று ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அது குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று மூன்று எழுத்து உட்கார்ந்துவிடும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அப்பா பெயரைப் பின்னால் வைத்தவர் அப்பா பெயரில்தான் கிடைப்பார். ஆகவே இரண்டு பெயர்களையும் முன்பின்னாக மாற்றி, சேர்த்து எழுதி, பிரித்து எழுதி, கடைசியாக முதல் ஐந்தாறு எழுத்து மட்டும் கொடுத்துத் தேட வேண்டும். ழகரத்தை எந்த எழுத்தில் போட்டார்கள் என்பது தட்டச்சு செய்தவருக்கே வெளிச்சம்.

கொடுத்தவர், பெற்றவர் என்று அட்டவணையில் இரண்டு வரிசை உண்டு. வீட்டை வாங்கும்போது நாம் பெற்றவர். அன்றே கையெழுத்திடும் அடமான ஆவணத்தில் நாம் கொடுத்தவர். கடனை அடைத்தபின் பதிவாகும் கடன் விடுவிப்பில் வங்கி கொடுத்தவர், நாம் மறுபடியும் பெற்றவர். கடைசித் தவணை கட்டிச் சில மாதம் கழித்து அந்த விடுவிப்பு பதிவாகியிருக்கிறதா என்று பெற்றவர் வரிசையில் ஒருமுறை பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் வீட்டை விற்கும் நாளில்தான் தெரியவரும்.

இதைப் பற்றி நீங்கள் எழுதாமல் இல்லை. போன ஆண்டு, "கடன் முடிந்ததும் வங்கியிடமிருந்து மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதினீர்கள். ஊரில் அப்படித்தான். இங்கே பதிவான பத்திரம் வாங்கியவருக்கே வந்துவிடுகிறது. வங்கியின் பெட்டகத்தில் அது தூங்குவதில்லை. அதற்கு முன்னால் "கவுண்டியில் வில்லங்கச் சான்று வாங்கிப் பாருங்கள்" என்றீர்கள். ஊரில் சார்பதிவாளர் கொடுப்பது போல அப்படி ஒரு காகிதத்தை இங்கே கவுண்டி கொடுப்பதில்லை. அட்டவணையை நாமே தேட வேண்டும், அல்லது சொத்துரிமையைச் சரிபார்த்துத் தரும் டைட்டில் கம்பெனிக்குக் காசு கொடுக்க வேண்டும். "பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்பதைப் பத்திரத்திலேயே பார்க்கலாம்" என்றும் ஒரு முத்து உதிர்ந்தது. டெக்சஸில் விற்ற விலையை வெளியிடச் சட்டம் கேட்பதில்லை. பத்திரத்தில் "பத்து டாலரும் பிற மதிப்புள்ள கைம்மாறும்" என்றுதான் இருக்கும். அதைப் படித்துப் பத்து டாலருக்கு வீடு கேட்டு யாராவது கிளம்பியிருந்தால் பாவம் உங்களுக்குத்தான். வாங்கிய கடன் எவ்வளவு என்பது மட்டும் அடமான ஆவணத்தில் தெரியும்.

மணச் சான்றுக்கு, மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் உள்ள அலுவலகத்துக்கு எழுதச் சொன்னதும் நீங்கள்தான். ஆஸ்டின் கொடுப்பது 'இன்னாருக்கு மணம் பதிவாகியுள்ளது' என்ற சரிபார்ப்புக் கடிதம். சான்று நகல், மண உரிமம் கொடுத்த கவுண்டியின் கிளார்க்கிடம்தான். மணவிலக்குத் தீர்ப்பு வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றக் காகிதங்களை வைத்திருக்கும் மாவட்ட கிளார்க். இவர் வேறு, கவுண்டி கிளார்க் வேறு. ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒருவர் காகிதத்தை இன்னொருவர் தரமாட்டார்.

இனி, உண்மையிலேயே கடிதம் எழுதிக் கேட்க வேண்டியவை: கவுண்டி போட்ட சாலை ஒப்பந்தம், அதற்குக் கொடுத்த பில், அதிகாரிகளின் மின்னஞ்சல், ஊழியர் சம்பளம். இவற்றுக்கு டெக்சஸ் பொதுத் தகவல் சட்டம் இருக்கிறது. 1973-இல் வந்தது, மாநில அரசுச் சட்டத் தொகுப்பில் 552-ஆம் அத்தியாயம். நீதிமன்ற வழக்குக் கட்டுகள் இதில் அடங்கா. எழுத்தில் கேட்க வேண்டும், தனிப் படிவம் கட்டாயமில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. ஆனால் அந்தக் கவுண்டி இதற்கென்று அறிவித்திருக்கும் அஞ்சல் முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்ப வேண்டும், அல்லது உரிய அதிகாரியிடம் நேரில் கொடுக்க வேண்டும். தெரிந்த ஊழியர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தால் அவர்கள் பதில் தருவதற்கான கெடு தொடங்கியிருக்கவே இருக்காது.

'ஏன் எங்கள் தெருவைப் போடவில்லை' என்பது கேள்வி, ஆவணம் அல்ல. அதற்குப் பதில் எழுதவோ, இல்லாத பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கவோ அவர்களுக்குக் கடமையில்லை. 'இன்ன சாலைக்கு 2023 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை கையெழுத்தான ஒப்பந்தங்களும் கொடுத்த பில்களும், மின்நகலாக. கட்டணம் 40 டாலரைத் தாண்டுமானால் முதலில் தெரிவிக்கவும்' என்று எழுதினால் போதும். 'சம்பந்தப்பட்ட அனைத்து ஆவணங்களும்' என்று எழுதினால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அதற்கு 61-ஆம் நாளுக்குள் பதில் போடாவிட்டால் கோரிக்கையை நீங்களே திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். 40 டாலருக்கு மேற்பட்ட கட்டணக் கணக்கு வந்தாலோ 10 வேலை நாள்தான். அந்தக் கடிதங்கள் ஸ்பேம் பெட்டியில் கிடந்து செத்துப்போன கோரிக்கைகள் ஏராளம்.

இந்தச் சட்டத்தின்கீழ் தாள் நகல் பக்கத்துக்கு 10 சென்ட். 50 பக்கத்துக்குள் இருந்தால் பொதுவாக ஆள் கூலி சேர்க்க முடியாது, மேலே போனால் மணிக்கு 15 டாலர். எனவே நூறு பக்கத்தை ஒரே மூச்சில் கேட்காமல் வேண்டிய பக்கத்தைக் கேட்பதே புத்தி. தர மறுப்பதானால், பெரும்பாலும் கவுண்டியே 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். கேட்கத் தவறினால் அந்த ஆவணம் பொதுவானது என்றே கொள்ளப்படும். மறுத்து ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் கவுண்டிக்கு இந்தப் பிரிவை நினைவூட்டினாலே பாதி வேலை நடக்கும். உங்கள் 20 நாள் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அது ஃபோயாவின் கெடு, அதுவும் 20 வேலை நாள். நியூ ஜெர்சி வாசகர்களுக்கு அவர்கள் மாநிலச் சட்டத்தில் 7 வேலை நாள், கலிஃபோர்னியாவில் தருவார்களா இல்லையா என்று சொல்லவே 10 நாள்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், கேள்வி-பதில் பகுதியிலேயே, அந்த வாசகர் கண்ணில் படும்படி ஒரு சிறு திருத்தம்: கவுண்டி கிளார்க், 8 டாலர், ஃபோயா வேண்டாம். அந்த 119 டாலர் விளம்பரத்தை எடுத்துவிட்டால் இன்னும் நன்றி. சென்ற முறை என் கடிதத்தைப் பாதியாக வெட்டிப் பாராட்டை மட்டும் போட்டீர்கள். இதையும் வெட்டுவதென்றால் அவியலைப் பற்றிச் சொன்னதை வெட்டிக்கொள்ளுங்கள், கட்டண விவரத்தில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பிளேனோ, டெக்சஸ்