மியூச்சுவல்ல பிரியறவங்களுக்கு ஆறு மாசம்னு மட்டும் சொன்னா போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் சட்டக் கேள்வி பதில் பகுதியில ஒரு வாசகி கேட்டிருந்தாங்க, நானும் வீட்டுக்காரரும் பிரிஞ்சிடறதுன்னு பேசி முடிவு பண்ணிட்டோம், சண்டை சச்சரவு எதுவும் இல்ல, இனி என்ன பண்ணணும்னு. ரெண்டு பேரும் சேர்ந்து மனு போட்டா ஆறு மாசத்துல முடிஞ்சிடும்னு ரெண்டு வரியில பதில் வந்திருந்துச்சு. அதை மட்டும் நம்பி அந்த அம்மா கிளம்பினாங்கன்னா ரொம்ப அலைய வேண்டி வரும், அந்தக் கவலையிலதான் இதை எழுதுறேன். நான் ஒரு வக்கீல் ஆபீஸ்ல மனு டைப் பண்ற ஆளு, சீனியரோட கேஸ் கட்டு தூக்கிட்டு ஃபேமிலி கோர்ட்டுக்கும் போறதுண்டு. சிரிச்சுப் பேசிக்கிட்டே ஆபீஸுக்கு வந்தவங்க ரெண்டாவது வாய்தாவுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம நின்னதை நிறைய பாத்திருக்கேன்.

அந்த ஆறு மாசத்தையே முதல்ல சரியா சொல்லணும். இந்து திருமணச் சட்டம் 1955லயே வந்துடுச்சு, ஆனா ரெண்டு பேரும் சம்மதிச்சு பிரியற 13பி பிரிவு 1976 திருத்தத்துலதான் வந்துச்சு. இந்தப் பிரிவுல மனு போடுறதுக்கு முன்னாடியே குறைஞ்சது ஒரு வருஷம் புருஷன் பொண்டாட்டியா வாழாம பிரிஞ்சு இருந்திருக்கணும், இதை பலரும் கவனிக்கறதே இல்ல. மனு போட்டப்புறம் ஆறு மாசம் கழிச்சு, 18 மாசத்துக்குள்ள, ரெண்டு பேரும் மறுபடி கோர்ட்டுக்கு வந்து எங்க முடிவு மாறலைன்னு சொல்லணும். அப்பதான் டிகிரி, அதாவது விவாகரத்து ஆச்சுன்னு கோர்ட் தர்ற தீர்ப்பு. பிரிஞ்சு இருக்கறதுன்னா தனி வீடு எடுத்தாதான்னு பயப்பட வேண்டாம், வாடகைக்கு வழியில்லாம ஒரே கூரைக்கு கீழ இருந்தாலும் தாம்பத்தியம் இல்லாம தனித்தனியா வாழ்ந்தா அதுவும் பிரிஞ்சு இருக்கறதுதான்னு 1991லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த ஆறு மாசத்தையும் தள்ளுபடி பண்ண சொல்லி கேக்கலாம், 2017ல அமர்தீப் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு வழி விட்டிருக்கு. ஆனா கேட்ட உடனே கிடைச்சிடாது, மனு போடுறதுக்கு முன்னாடியே ஒன்றரை வருஷம் பிரிஞ்சு இருந்தாங்களா, சமரசம் பேசிப் பாத்து சரிவரலையா, பணம் குழந்தை எல்லாத்துலயும் உண்மையிலயே ஒரு முடிவுக்கு வந்தாச்சா, இதையெல்லாம் ஜட்ஜ் பாப்பாங்க. கடைசியா சொன்னதுலதான் முக்கால்வாசி பேர் மாட்டிக்கறாங்க.

ஏன்னா பிரியறதுக்கு சம்மதிக்கறது வேற, எப்படி பிரியறதுங்கறதுல சம்மதிக்கறது வேற. எங்க ஆபீஸுக்கு வர்றவங்ககிட்ட சீனியர் கேக்கற முதல் கேள்வியே நகை யார்கிட்ட இருக்கு, லாக்கர் யார் பேர்ல இருக்குன்னுதான், பாதிப் பேர் அங்கேயே ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பாத்துக்குவாங்க. கல்யாணத்துல பொண்ணுக்குன்னு போட்ட நகை அவளோட சொத்து, அது ஸ்ரீதனம், மாமியார்கிட்ட இருந்தாலும் அவளோடதுதான். ஆனா பிரியும்போது ரெண்டு பேரும் எழுதிக்கற ஒப்பந்தத்துல "நகைகள் அனைத்தும் திருப்பித் தரப்பட்டன" அப்படின்னு ஒரே வரி போட்டு கையெழுத்து வாங்கிடறாங்க. என்ன நகை, எத்தனை கிராம், எந்த தேதியில கைக்கு வந்துச்சுன்னு ஒண்ணும் இருக்காது, அப்புறம் வளையல் வரலைன்னு போய் நின்னா வந்துடுச்சுன்னு நீயே கையெழுத்து போட்டிருக்கியேம்மான்னுதான் கேப்பாங்க.

பணமும் அப்படித்தான். மொத்தமா ஒரு தொகை பேசினா அது எப்ப எப்படி வரும்னு எழுதியே ஆகணும். மனு போடும்போது ஒரு பகுதி, ரெண்டாவது தடவை கோர்ட்டுல நிக்கும்போது மீதிய டிடியா கையில, இப்படி எழுதிக்கிட்டா ரெண்டு பக்கத்துக்கும் நிம்மதி. டிகிரி ஆனப்புறம் தர்றேன்னு வாய் வார்த்தைய நம்பி கையெழுத்து போட்டவங்க அந்தப் பணத்துக்காக தனியா இன்னொரு கேஸ் நடத்திக்கிட்டு இருக்காங்க. குழந்தைக்கான செலவை மட்டும் எனக்கு எதுவும் வேண்டாம்னு தாய் எழுதிக் கொடுத்துடக் கூடாது, அவ ஜீவனாம்சத்தை அவ விடலாம், குழந்தையோடது குழந்தையோட உரிமை, நாளைக்கு அந்தக் குழந்தை பேர்ல கேட்டா கோர்ட் அந்தக் காகிதத்தைக் காட்டி தள்ளிடாது.

குழந்தையைப் பாக்கற விஷயத்துல ஒரு ஜோடி எழுதின வரி எனக்கு மறக்கவே மாட்டேங்குது. நான்தான் டைப் பண்ணேன். "தந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்கலாம்", அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேரும் நல்ல புரிதல்லதான் இருக்கோம், இதுக்கு மேல எதுக்குன்னு ரெண்டு பேருமே சொன்னாங்க. டிகிரியும் சிக்கல் இல்லாம வந்துச்சு. அப்புறம் அவர் காலையில எட்டு மணிக்கு போய் நிக்கறாரு, அந்தப் பொண்ணு பத்து மணிக்குதான் அனுப்புவேங்குது, ராத்திரி தங்க வைக்கலாமா கூடாதா, பரீட்சை வர்ற வாரம் என்ன பண்றது, பெரிய லீவுக்கு யார்கூட, எதுக்குமே பதில் அந்தக் காகிதத்துல இல்ல. ரெண்டு பேருமே கெட்டவங்க கிடையாது. இப்ப மறுபடி கோர்ட்டுக்கு வந்து நிக்கறாங்க, அந்தப் பிள்ளை வராண்டா பெஞ்சுல ஸ்கூல் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எத்தனை மணிக்கு, எங்க வந்து கூட்டிட்டு போறது, எங்க கொண்டு வந்து விடறது, வீடியோ கால் என்னைக்கு, ஸ்கூல் ஃபீஸ் யாரு, உடம்பு சரியில்லாம போனா யாரு முடிவெடுக்கறதுன்னு அன்னைக்கே ஒரு பக்கம் கூட எழுதியிருந்தா இந்த நிலைமை வந்திருக்காது.

கோர்ட்டுக்கு உள்ள என்ன நடக்கும்னும் சொல்லிடறேன், ஏன்னா அதை நினைச்சே பயப்படறவங்க நிறைய. முதல்ல கவுன்சிலிங் அனுப்புவாங்க, சேத்து வைக்க முடியுமான்னு பாக்கறது ஃபேமிலி கோர்ட்டோட கடமை, 1984 சட்டத்துலயே இருக்கு, அதனால கவுன்சிலர் ஏன் இப்படி குடையறாங்கன்னு கோவப்பட வேண்டாம். அப்புறம் ஜட்ஜ், இது உங்க சொந்த முடிவா, யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு கேப்பாங்க. ஒரு தடவை ஒரு பொண்ணுகிட்ட கேக்கும்போது அவங்க அப்பாதான் முந்திக்கிட்டு பதில் சொன்னாரு. ஜட்ஜம்மா அவரை வெளிய போக சொல்லிட்டு மறுபடி கேட்டாங்க. மனுவைப் படிச்சியாம்மான்னா, இல்ல மேடம், அப்பா போட சொன்னாரு போட்டேன்னு சொல்லிச்சு. உடனே வாய்தா போட்டு, முழுசா படிச்சு காட்டிட்டு கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. அடுத்த வாய்தாவுக்கு வந்தப்ப அந்தப் பொண்ணு தெளிவா பேசிச்சு, பிரியறதுல எனக்கு சம்மதம்தான் ஆனா இந்த நகை வரிய மாத்தணும்னு. மாத்தினாங்க.

டிகிரி ஆகற வரைக்கும் யாரு வேணாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அதுவும் 1991 தீர்ப்புதான். இதனால நடுவுல ஒருத்தர் பின்வாங்கிட்டா இன்னொருத்தருக்கு அவ்வளவு காலமும் வீணா போகுது, திரும்ப குத்தம் சொல்லி தனி கேஸ் போட வேண்டியதுதான், அந்த வேதனை எனக்கு தெரியாம இல்ல. இருந்தாலும் அந்த உரிமை இருக்கத்தான் வேணும்னு நினைக்கறேன், அந்தப் பொண்ணு மாதிரி எத்தனை பேர் படிக்காம கையெழுத்து போட்டிருப்பாங்க.

இன்னொண்ணு, வரதட்சணைக் கொடுமைன்னு ஏற்கனவே போலீஸ் கேஸ் இருந்தா டிவோர்ஸ் ஆனதும் அது தானா போயிடாது, ரத்து பண்ண ஹைகோர்ட்டுல தனியா மனு போடணும், அதுக்கு ஒத்துழைப்பேன்னு ஒப்பந்தத்துலயே எழுதிக்கணும்.

சொந்தக்காரங்க சொல்ற ஸ்டாம்ப் பேப்பர் விஷயத்தையும் நீங்க கட்டாயம் எழுதணும். எதுக்கு கோர்ட்டு கச்சேரின்னு, நாலு பெரியவங்க முன்னாடி எழுதி வாங்கி நோட்டரி சீல் குத்தி அத்து விட்டுடறாங்க. அது விவாகரத்தே கிடையாது. வழக்கப்படியே பிரியற முறை சில சமூகத்துல உண்டு, சட்டமும் அதை ஏத்துக்குது, ஆனா அப்படி ஒரு வழக்கம் நிஜமாவே இருக்குன்னு கோர்ட்டுல நிரூபிக்கணும், அது லேசுப்பட்ட காரியம் இல்ல. அந்தப் பேப்பரை நம்பி மறுகல்யாணம் பண்ணா அந்தக் கல்யாணமே செல்லாம போய், முதல் தாரம் இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் பண்ண குத்தம் வேற வந்து சேரும். பதிவுத் திருமணம் சிறப்புத் திருமணச் சட்டத்துல பண்ணவங்களுக்கு 28ஆம் பிரிவு இருக்கு, கிறிஸ்தவங்களுக்கு 2001ல இருந்து 10ஏ பிரிவு இருக்கு, முஸ்லிம்கள்ல முபாரத்னு ரெண்டு பேரும் ஒத்துப் பிரியற முறையே இருக்கு, அவங்கவங்க சட்டத்துக்கு ஏத்த மாதிரி கேட்டுக்கணும்.

ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வக்கீல் வச்சுக்கறாங்க, செலவு குறையும்தான். ஆனா கையெழுத்துக்கு முன்னாடி டிராஃப்டை அவங்கவங்க தனியா ஒரு வக்கீல்கிட்ட காட்டிடறது நல்லது. காசு இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போகலாம், 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, அது தெரியாமலே கடன் வாங்கி ஃபீஸ் கட்டறவங்களைப் பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு.

அந்த வாசகிக்கு குழந்தை இருக்கா இல்லையான்னு கேள்வியில இல்ல. இருந்தா இந்தக் கடிதத்துல குழந்தையைப் பத்தி எழுதின பகுதியையாவது அவங்க கண்ணுல படற மாதிரி வரும் இதழ்ல போடுங்க, அவங்க மனு போடுறதுக்கு முன்னாடி இது போய் சேரணும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி