அம்மாவின் பெயரைத் தனி வரியில் எழுதியவர்களுக்கு

அப்பாவோடு பறந்தவர்களுக்கும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும், ஓய்வுபெற்ற பைலட்டுகள் சங்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தைப் பதினாலு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அப்பா போனபோது நீங்கள் செய்ததற்கெல்லாம் நன்றி சொல்ல உட்கார்ந்தேன், இரண்டு பத்தி எழுதினேன், அதற்குள் அம்மாவுக்கு முடியாமல் போனதால் அப்படியே நின்றுவிட்டது. இப்போது அம்மாவும் இல்லை. அதனால் இரண்டு நன்றியையும் சேர்த்தே சொல்கிறேன். யார் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் யாராவது விட்டுப்போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. யாரைச் சொல்கிறேன் என்று படிக்கும்போது அவரவருக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஆஸ்பத்திரி ராத்திரிகள். கடைசி மூன்று வாரம் அப்பாவுக்கு நினைவு வந்து வந்து போனது. பகலில் எங்களை அடையாளம் தெரியும். ராத்திரியானால் காக்பிட்டுக்குப் போய்விடுவார். பக்கத்து மானிட்டர் மணி அடிக்கும்போதெல்லாம் கையை நீட்டி எதையோ தேடுவார், உதடு அசையும், எங்களுக்கு ஒன்றும் புரியாது. அவருக்குக் கோ பைலட்டாக இருந்து பிறகு கேப்டனான நீங்கள்தான் ஒரு ராத்திரி கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது செல்கால்" என்று சொன்னீர்கள். அந்தக் காலத்தில் கடலுக்கு மேலே போகும்போது தரையோடு பேச, நெடுந்தூரம் எட்டும் எச்எஃப் ரேடியோவைத்தான் நம்ப வேண்டும், அதில் ஓயாத இரைச்சல், மணிக்கணக்கில் அதைக் காதில் வாங்கிக்கொண்டே இருக்க முடியாது, அதனால் ஒவ்வொரு விமானத்துக்கும் நாலு எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும், தரையிலிருந்து அதை அனுப்பினால் அந்த விமானத்தின் காக்பிட்டில் மணி அடிக்கும், உடனே எடுத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கினீர்கள். அப்பா ராத்திரி முழுக்க யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

தூங்கவே மாட்டேன் என்றார். கண்ணை மூடினால் விமானத்தை யார் பார்ப்பது என்ற கவலை. மருந்துக்கும் அடங்கவில்லை. நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, "ஐ ஹேவ் கன்ட்ரோல், கேப்டன்" என்றீர்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தைகூடத் தெளிவாக வராத வாயால், "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்றார். கை தளர்ந்தது. நாலு மணி நேரம் தூங்கினார். ஒரு பைலட் இன்னொருவரிடம் விமானத்தை ஒப்படைக்கும்போது இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவை, இரண்டு பேரும் சொன்னால்தான் கை மாறியதாகக் கணக்கு என்று வெளியே வந்த பிறகு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். நீங்கள் வர முடியாத ராத்திரிகளில் அம்மா அதே வார்த்தையைச் சொன்னார். அம்மாவிடமும் அப்பா ஒப்படைத்தார். கடைசி ராத்திரியும் அப்படித்தான். உங்களுக்கு இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அந்த ராத்திரியை ஒரு நாளும் மறக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா போன மறுநாளே சங்கத்திலிருந்து ஒரு கேப்டன் அங்கிள் ஃபைலும் பேனாவுமாக வந்துவிட்டார். நாங்கள் யாரும் யோசிக்கும் நிலையில் இல்லை. இறப்புச் சான்றிதழ் ஒன்றிரண்டு பிரதி போதாது, பத்துப் பிரதியாவது வாங்குங்கள் என்றார். பென்ஷன் பிரிவுக்கு முதல் வாரத்திலேயே தெரிவிக்காவிட்டால் அப்பா கணக்கில் பணம் வந்துகொண்டே இருக்கும், பிறகு மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள், மனைவிக்குச் சேர வேண்டிய பென்ஷன் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது, விண்ணப்பம் போட வேண்டும் என்றார். ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, முடிந்ததும் அம்மா கையாலேயே டிக் போட வைத்தார். ஓர் அலுவலகத்தில் அம்மாவின் திருமணச் சான்றிதழ் பழசாக இருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், நாலாவது முறை நீங்களும் கூடப் போனீர்கள், அன்றைக்கே முடிந்தது. அங்கிள், உங்களுக்கு எண்பது வயது. அந்தப் படிகளை நாலு மாடி ஏறினீர்கள்.

அப்புறம் லாக் புக். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அப்பாவின் லாக் புக்குகள் ஏழும் ஒரு பெட்டியில் இருந்தன. எங்களுக்கு அவை வெறும் எண்கள்தான். தேதி, விமானத்தின் வகை, அதன் பதிவு எழுத்துகள், எங்கிருந்து எங்கே, பகலா இரவா, எத்தனை மணி நேரம், கூட யார். நேரமெல்லாம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்பதால் எந்த ஊர் நேரமும் இல்லை. அப்பாவோடு போயிங் 747 விமானத்தில் பறந்த ஃப்ளைட் இன்ஜினியர் அங்கிள் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். 747-இல் அப்போது காக்பிட்டில் மூன்று பேர், இரண்டு பைலட்டுகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் திரும்பி இவர் உட்கார்ந்திருப்பார், எரிபொருளும் இன்ஜின்களும் மின்சாரமும் கேபின் அழுத்தமும் இவர் கையில். 1989-இல் 747-400 சேவைக்கு வந்தது, இரண்டு பேர் போதும் என்றானது, அந்த இருக்கையே இல்லாமல் போனது. அங்கிள், உங்கள் இருக்கையை எடுத்த பிறகும் நீங்கள் அந்த மனிதர்களை விடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நோட்டோடு திரும்பி வந்தீர்கள். அப்பா ஓட்டிய ஒவ்வொரு விமானத்தின் பதிவு எழுத்தையும் பார்த்து, அது பிறகு என்ன ஆனது என்று எழுதியிருந்தீர்கள். எது சரக்கு விமானமாக மாறியது, எது வேறு கம்பெனிக்குப் போனது, எது உடைத்துப் பாகம் பாகமாக விற்கப்பட்டது. 1970 ஜனவரியில் பயணிகளோடு பறக்கத் தொடங்கிய 747, கடைசி விமானம் 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்படும்வரை மொத்தம் 1,574 கட்டப்பட்டன, அதில் அப்பாவின் கை பட்டவை இத்தனை என்று நீங்கள் சொன்னபோது என் தம்பி முதல் முறையாக அழுதான். அதுவரை அவன் அழவில்லை.

மொத்தம் 21,400 மணி நேரம் என்றீர்கள். நாளாக மாற்றினால் கிட்டத்தட்ட 892 நாள், இரண்டு வருடம் ஐந்து மாதம் அப்பா வானத்தில் இருந்திருக்கிறார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் காத்திருந்தது எத்தனை நாள் என்று இதில் இருக்குமா?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை. லாக் புக்குகளை மறுபடி எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அடுத்த முறை வந்தபோது அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் வீட்டிலிருந்து கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, நடுவில் எத்தனை இரவு. 35 வருடம், வரி வரியாக, உங்கள் நடுங்கும் கையெழுத்தில். கடைசியில் கூட்டல்: 4,870 இரவுகள். பதிமூன்று வருடத்துக்கு மேல். மேலே தலைப்பு மாதிரி அம்மாவின் பெயரை எழுதியிருந்தீர்கள். அம்மா அந்தப் பக்கங்களை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு தேதியில் நிறுத்தி, "இந்த ராத்திரிதான் சின்னவனுக்கு ஜுரம் நூற்றி நாலு" என்றார். இன்னொன்றில், "இது எங்க அப்பா போன அன்று". ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நாங்கள் கேட்டே இராத கதைகள். அந்த நோட்டு கடைசி வரை அவர் தலைமாட்டில் இருந்தது.

அம்மாவைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை அவர் போன பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். வானொலியில் எங்கோ ஒரு விமானம் விழுந்தது என்று செய்தி வந்தால், முழு விவரம் தெரியும்வரை பைலட்டுகள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அந்த நேரத்தில் எல்லோரும் கம்பெனிக்கே போன் செய்தால் லைன் கிடைக்காது என்று, ஒருவர் மட்டும் விசாரித்து மற்ற வீடுகளுக்குச் சொல்வது என்று மனைவிகள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்களாம், விசாரித்துச் சொல்லும் அந்த ஒருவர் என் அம்மாவாம். அதற்காகத்தான் அம்மா ஒரு நீலநிற நோட்டு வைத்திருந்தார். எல்லார் வீட்டு நம்பரும், யார் எந்த விமானம், குழந்தைகள் பெயர் என்ன, எல்லாம். அப்பா 2003-இல் 60 வயதில் ஓய்வுபெற்றார். அப்போது சர்வதேச விமானங்களில் கேப்டனுக்கு அதுதான் எல்லை, 2006 நவம்பரில்தான் 65 ஆனது, அந்த வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. அம்மாவின் நோட்டு மட்டும் ஓய்வுபெறவே இல்லை. யாராவது இறந்தால் பெயரை அடிக்காமல் பக்கத்தில் தேதியை எழுதுவார், வருடா வருடம் அந்தத் தேதியில் அந்த வீட்டுக்குப் போன் செய்வார். எனக்கு அம்மா சும்மா தோழிகளோடு பேசுகிறார் என்றுதான் தெரியும். அம்மாவின் இறுதிச் சடங்குக்கு வந்த ஒவ்வொரு ஆன்ட்டியும், "அவர் போன நாளைக்கு என்னைக் கூப்பிட இனிமேல் யாரும் இல்லை" என்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

அன்றைக்கு வந்தவர்களில் எந்த விமானத்துக்கு யார் போவது என்று ஏற்பாடு செய்யும் க்ரூ ஷெட்யூலிங்கில் வேலை பார்த்த அங்கிளையும் சொல்ல வேண்டும். ஓரமாக நின்றிருந்தார், யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. "முப்பது வருடம் போனில் மட்டும்தான் பேசியிருக்கிறேன், முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டாண்ட்பையில், அதாவது கூப்பிட்டால் கிளம்பத் தயாராக, இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கும், பல வீட்டில் கோபப்படுவார்கள், எங்கள் வீட்டில் அம்மா எடுத்து "ஐந்து நிமிடம், எழுப்பிவிடுகிறேன், நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்பாராம். அதற்காக ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்திருந்தீர்கள் அங்கிள். திரும்பிப் போகும் முன் உங்களைச் சரியாகக் கவனிக்கக்கூட எங்களால் முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

இப்போது சங்கத்துக்கு. பைலட்டுகள் தங்களில் ஒருவர் இறந்தால் மேற்கே பறந்துவிட்டார் என்பார்கள். முதல் உலகப்போரிலேயே வீரர்கள் இறந்தவர்களை மேற்கே போய்விட்டான் என்றுதான் சொன்னார்கள், சூரியன் இறங்கும் திசை. போர் விமானிகளுக்கு விமானங்கள் அணியாகப் பறந்து, ஒன்று மட்டும் பிரிந்து மேலே ஏறும் மரியாதை உண்டு. பயணிகள் விமானம் ஓட்டியவர்களுக்கு வேலையின் கடைசி நாளில் தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீரில் வளைவு போடும், பெரும்பாலும் அதோடு சரி. இருபது வருடம் கழித்து அவர் இறக்கும்போது கம்பெனியில் அவரைத் தெரிந்தவர்களே இருக்க மாட்டார்கள். நீங்கள் நடத்தும் அந்த நினைவுப் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அதில் இடம் கிடைக்கும் என்று தெரியும்.

அம்மா இறந்ததைச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நீங்களாகக் கேள்விப்பட்டு அழைத்தீர்கள். அழைத்தவர், "காலமான கேப்டனின் மனைவி என்று போடப் போவதில்லை, அவங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். பிறந்த ஊர், படித்தது, பாட்டு, தையல், அந்த நீல நோட்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பட்டியல் வந்தபோது அப்பாவின் வரிக்குக் கீழே ஒட்டாமல், அந்த மாதத்தில் இறந்தவர்களோடு, அகர வரிசையில், அம்மாவின் பெயர் தனியாக இருந்தது. எந்த விமானம் பறந்தார்கள் என்று எழுதும் இடத்தில் "4,870 இரவுகள்" என்று இருந்தது. இதை யார் செய்தது என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் அங்கிள்.

நீல நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பா பெயருக்குப் பக்கத்தில் அம்மா தேதி எழுதியிருந்தார், அம்மா பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதினேன். சில நம்பர்கள் மாறியிருக்கின்றன, சரியானது தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். போன மாதத்திலிருந்து நான் அழைக்க ஆரம்பித்திருக்கிறேன், அம்மா மாதிரிப் பேச வராது, ஆனால் தேதி தவறாது. இந்த வாரம் மூன்று வீடு இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் முதல் போன் வரும் ஆன்ட்டி, எடுங்கள்.

அன்புடன்,
அவர்கள் இருவரின் மகள்