டார்கெட்டுக்கு மருந்து மூச்சுப்பயிற்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வேலை டென்ஷன் குறைய மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, நல்லா தூங்குங்கன்னு நம்ம பேப்பர்ல ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. தப்புன்னு சொல்லல. ஆனா நான் இருக்கிறது ஒரு தனியார் பேங்க் கிளை, இங்க பிரச்சனையே வேற சார்.

காலைல எட்டரைக்கெல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல நேத்து யார் எத்தனை இன்சூரன்ஸ் பிடிச்சாங்கன்னு லிஸ்ட் வந்துரும், ஒண்ணும் பிடிக்காதவங்க பேரு சிவப்பு கலர்ல, அதுக்குக் கீழ மேனேஜர் வெறும் ஒரு கேள்விக்குறி போட்டுட்டு போயிருவாரு, அன்னைக்கு முழுக்க அந்தக் கேள்விக்குறிதான் மண்டைக்குள்ள ஓடும். மூணு பேர் இருந்த கவுன்ட்டர்ல இப்ப ஒருத்தர். பென்ஷன் எடுக்க வர்ற பெரியவர் தலையில பாலிசியைக் கட்டணும், மனசு கேக்காது, கட்டலேன்னா சாயங்கால ரிவ்யூ கால்ல அத்தனை பேர் காதுலயும் விழுற மாதிரி திட்டு. வேலை ஜாஸ்தின்னா கூட சமாளிக்கலாம், எதை முதல்ல முடிக்கணும்னு நாமளே முடிவு பண்ண முடியாம ஜாஸ்தின்னாதான் பிபி ஏறுது.

வேலையால ஆளே சோர்ந்து போற பர்ன்-அவுட் ஒரு நோய் இல்ல, வேலை இடத்து நெருக்கடியைச் சரியா கவனிக்காம விட்டா வர்றதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சு. வேலை இடத்துல மனநலத்தைக் காக்க 2021ல வந்த ஐஎஸ்ஓ 45003ங்கிற சர்வதேச வழிகாட்டியும் ஆளோட மனதைரியத்தை அளக்கச் சொல்லல, வேலைப்பளு, அவமானப்படுத்துறது, வேலை நிலைக்குமாங்கிற பயம் இதையெல்லாம்தான் பாக்கச் சொல்லுது, மெஷினுக்கு பாதுகாப்பு மூடி இருக்கான்னு செக் பண்ற மாதிரி. ஜப்பான்ல 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற இடத்துல வருஷா வருஷம் ஸ்ட்ரெஸ் செக் நடத்தணும்னு 2015லயே கொண்டு வந்துட்டாங்க, தனி ஆளோட ரிசல்ட்டை அவரு சம்மதம் இல்லாம முதலாளிக்குக் குடுக்கக் கூடாது.

எங்க ஹெச்ஆர் என்ன பண்ணாங்க தெரியுமா? ஞாயித்துக்கிழமை மோட்டிவேஷன் கிளாஸ், அட்டென்டன்ஸ் கட்டாயம்!

ரொம்ப முடியாதவங்களுக்கு அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கு, கூப்பிட்டா தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. ஆனா போன்ல பேசுறவங்க டார்கெட்டைக் குறைக்க முடியாதே. கடை ஊழியருக்கு உக்கார சீட் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டமே போட்டாங்க. அதே மாதிரி தொழிலாளர் துறை இந்த ரிவ்யூ கால், ஆள் பற்றாக்குறையையும் வந்து விசாரிக்கட்டும். நீங்களும் அடுத்த கட்டுரைக்கு டாக்டரோட நிறுத்தாம டார்கெட் போடுறவங்ககிட்டயும் ரெண்டு கேள்வி கேளுங்க. என் பேர் மட்டும் போட்டுராதீங்க.

- ஒரு பேங்க் ஊழியர், ஈரோடு