கிருபையைப் படித்த ஆண்டு: வேதபாட ஐக்கியச் சங்கத்தின் ஆண்டறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

கடந்த ஆண்டின் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வாராந்திரக் கூட்டங்கள் பெரும்பாலும் தடையில்லாமல் நடந்தன, நோயாளிகளைச் சந்திக்கும் குழு தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டே இருந்தது, புதியவர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். இவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, ஆண்டு முழுக்க நாம் எடுத்துக்கொண்ட பொருளான தேவகிருபையை, அதாவது தகுதியில்லாதவர்களுக்குத் தேவன் இலவசமாகக் காட்டும் தயவைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஒரு பொருள் நம் கூட்டங்களின் போக்கையே மாற்றிவிட்டது.

எபேசியர் 2:8-ல் தொடங்கினோம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற வசனம் எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் முதல் சில வாரங்கள் யாருக்கும் கேள்வியே எழவில்லை. மத்தேயு 20-ல் உள்ள திராட்சத்தோட்டத்து வேலையாட்களுக்கு வந்தபோதுதான் சூடு பிடித்தது. காலையிலிருந்து வேலை செய்தவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணிவேளையில், அதாவது வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது வந்தவனுக்கும் அதே ஒரு பணம். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நாள் முழுக்க வெயிலில் நின்றவனுக்கு அப்புறம் என்னதான் மரியாதை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நேரம் போனதே தெரியவில்லை. அந்த எஜமான் முந்தி வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுத்திருந்தால் அவர்கள் திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஒரு முறுமுறுப்பும் வந்திருக்காது. ஆனால் அவர் பிந்தினவர்களிடமிருந்து தொடங்கச் சொல்கிறார், மற்றவர்கள் அதைப் பார்க்கவேண்டும் என்பதுபோல. பேசிய கூலியில் யாருக்கும் குறைவில்லை, பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைத்ததுதான் உறுத்துகிறது. ஊதாரி மகன் திரும்பி வந்தபோது வெளியே நின்றுகொண்ட மூத்த மகனின் கோபமும் இதே வகைதான்.

வரலாற்றுப் பகுதியைச் சீக்கிரமே முடித்துக்கொண்டோம். மனிதன் தன் சொந்த முயற்சியால் தேவனுக்கு ஏற்றபடி வாழ முடியும் என்ற பெலாகியு என்னும் பழங்காலப் போதகரின் போதனையை ஆயர் அகுஸ்தீன் எதிர்த்ததையும், கி.பி. 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆலோசனைச் சங்கம் அதை மறுத்ததையும் பார்த்தோம். நம்மில் லுத்தரன், கத்தோலிக்க, மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே குடும்பங்கள் எல்லாம் இருப்பதால் இந்தப் பகுதி வாக்குவாதத்தில் முடியுமோ என்று செயற்குழுவுக்குப் பயம் இருந்தது. ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் வழியாக அருள், அதாவது கிருபை வருகிறது என்று கத்தோலிக்கச் சகோதரர்கள் சொன்னபோது மற்றவர்களும், நாம் மனந்திரும்புவதற்கு முன்பே நம்மைத் தேடி வரும் கிருபையைப் பற்றி மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்ததை மெதடிஸ்ட் சகோதரி ஒருவர் விளக்கியபோது கத்தோலிக்கரும் பொறுமையாகக் கேட்டார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், நீதிமானாக்கப்படுதல், அதாவது தேவன் நம்மை நீதிமான்களாக ஏற்றுக்கொள்வது, கிருபையினால்தான், நம்முடைய தகுதியினால் அல்ல என்று சேர்ந்து கையெழுத்திட்டன. 2006-ல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். சபைகளைப் பல நூற்றாண்டுகள் பிரித்து வைத்த பொருள் இது. நம் கூட்டத்தில் அது ஒரு சண்டையாக வெடிக்காததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சாட்சிக் கூட்டங்களைப் பற்றி மனம்விட்டுச் சொல்லவேண்டும். வேலை கிடைத்தால், பிள்ளைக்கு இடம் கிடைத்தால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் "கர்த்தருடைய கிருபையால்" என்று சாட்சி சொல்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் கிடைக்காதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, தங்கள்மேல் கிருபை இல்லையோ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அப்போஸ்தலனாகிய பவுல், தன்னை வாட்டிய ஒரு பாட்டை மாம்சத்திலுள்ள முள் என்கிறான்; அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டான், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் வந்தது. இதைப் படித்த வாரம், கணவர் நெடுங்காலமாகப் படுக்கையில் இருக்கும் ஒரு சகோதரி சாட்சி சொல்ல எழுந்தார். "அவருக்குச் சுகம் கிடைக்கவில்லை. ராத்திரியில் துணி மாற்றும்போது முன்னெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், இப்போது வருவதில்லை. இது நானாக வரவழைத்தது இல்லை, அதற்காக ஸ்தோத்திரம்" என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். இந்த ஆண்டு நான் கேட்ட சாட்சிகளில் கிருபையை இவ்வளவு துல்லியமாகக் காட்டியது வேறில்லை. அதற்குப் பிறகு, பதில் கிடைக்காத ஜெபங்களைப் பற்றியும் நம் கூட்டத்தில் பேச முடிகிறது.

கிருபை ஒரு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவதும் இல்லை. "அமேசிங் கிரேஸ்" என்ற பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748-ல் கடல் புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டவர். அதன்பின்பும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போனவர். அந்த வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788-ல்தான். நாற்பது ஆண்டுகள். இது நமக்குச் சாக்கு ஆகிவிடக்கூடாது என்று இளைஞர்கள் சொன்னது சரிதான், அவபக்தியை வெறுக்கக் கிருபையே நமக்குப் போதிக்கிறது என்று தீத்து நிருபம் சொல்கிறது.

சரி, தீர்மானங்கள். சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயர் ஜெபக் குறிப்பில் விடுபட்டுப்போகும் பழைய வழக்கத்தைச் செயற்குழு நிறுத்திவிட்டது. கிருபையைப் படிக்கும் சங்கம் ஜெபத்துக்குக் கட்டணம் வைக்க முடியாது. வருகைப் பரிசும் கைவிடப்பட்டது. ஒழுங்கு குலையும் என்று சிலர் வருத்தப்பட்டார்கள், அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்; ஆகிலும் நானல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது" என்று எழுதிய பவுல் ஓய்வில்லாமல் உழைத்தது பரிசுக்காக அல்ல. பரிசு நின்ற பிறகு, நெடுநாள் வராதிருந்த சிலர் கூச்சமில்லாமல் திரும்பி வந்திருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு ரோமர் நிருபத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று கேட்கும் ஆறாம் அதிகாரத்துக்குக் கூடுதல் வாரங்கள் ஒதுக்கவேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருடைய பணியில்,
செயலாளர்