படங்களுக்குக் கருத்துச் சொல்வது பற்றி

நண்பர்களே, வணக்கம். நம் வாட்ஸ்அப் போட்டோ குழுவில் வரும் படத்துக்கு வெறும் 'சூப்பர்', 'செம' போட்டால் எடுத்தவருக்கு ஒன்றும் விளங்காது. எது கண்ணை இழுக்கிறது, எது உறுத்துகிறது என்று எழுதுங்கள். நேற்று வந்த கொக்குப் படத்துக்கு 'ஷார்ப்பா இல்லை' என்ற ஒரே வரிதான் பதில். பறக்கும் பறவைக்கு 1/250 நொடி ஷட்டர் (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்) பெரும்பாலும் போதாது, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் அளவு) கூட்டி 1/1600 வைத்துப் பாருங்கள் என்றிருந்தால் உதவியிருக்கும்.

படத்தை டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், ஷட்டர், அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) விவரமும் போய்விடும். அப்புறம் மங்கல் லென்ஸில் வந்ததா, வழியில் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கருத்து வேண்டாமென்றால் 'பார்வைக்கு மட்டும்' என்று போடுங்கள், வாயே திறக்க மாட்டோம். கேட்டுவிட்டு, சொன்ன ஒவ்வொரு குறைக்கும் வக்கீல் மாதிரி வாதாட வேண்டாம். குழந்தைகள் படம் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடவும்.

– அட்மின்